குழந்தைத் தலையின் வாசனை

எனக்குக் கோபம் வந்தால் நிற்காது. வாசனையைப் பற்றி ஒருவன் தப்பாகப் பேசிவிட்டால் அவன் யார், என்ன வாங்க வந்தவன் என்றெல்லாம் பார்க்க மாட்டேன், எழுந்து போய்யா என்று முகத்துக்கு நேரே சொல்லிவிடுவேன். "இவருக்கு வர்ற கோவத்துக்கு மொளகா அரைக்கத்தான் லாயக்கு. இவர நம்பி பூவக் குடுத்துட்டாங்க" என்று என் மனைவி சொல்லிச் சிரிப்பாள். கல்யாணமான புதிதில் அவள் நிறையச் சிரித்தாள்.

அப்போது நாங்கள் புதுச்சேரி முத்தியால்பேட்டையில் குடியிருந்தோம். வீட்டுக்குப் பின்னால் ஒரு கீற்றுக்கொட்டகை. பூவிலிருந்தும் வேரிலிருந்தும் வாசனையை எண்ணெயில் இறக்கி, அந்த எண்ணெய்களை ஒன்றோடொன்று சேர்த்துத் தைலம் கூட்டுவது என் தொழில். இறக்குவது உடம்பு வேலை. வெள்ளை எள்ளைப் பரப்பி, மேலே மல்லி மொட்டு, மறுபடி எள், மறுபடி மொட்டு என்று அடுக்கி மூடிவிட்டால், மொட்டு விரியும்போது விடுகிற வாசத்தை எள் குடித்துக்கொள்ளும். வாடின பூவைச் சலித்துவிட்டுப் புதிது போட வேண்டும். எள்ளுக்கு வயிறு நிறைந்த பிறகு செக்கில் கொடுத்து ஆட்டினால் மல்லி எண்ணெய். வெட்டிவேர் என்றால் செப்புப் பானையில் அவித்து ஆவியைப் பிடிக்க வேண்டும். பொறுமை இருக்கிற எவனும் இதைச் செய்துவிடலாம். கூட்டுவதுதான் கஷ்டம். முதலில் எழும்பி வந்து ஆளைக் கூப்பிட ஒன்று வேண்டும், நடுவில் நின்று பேச ஒன்று, எல்லாம் போன பிறகும் துணியில் தங்கியிருக்க ஒன்று. இந்த மூன்றும் ஒன்றின் காலை ஒன்று வாராமல் இருக்க வேண்டும். அதற்கு மூக்கோடு கொஞ்சம் திமிரும் வேண்டும். என்னிடம் அது தாராளமாகவே இருந்தது.

பிரெஞ்சுக் கொடி இறங்கிய பிறகு வாய்க்காலுக்குக் கிழக்கே வெள்ளைக்காரர் வீடுகள் ஒவ்வொன்றாகப் பூட்டப்பட்டுக்கொண்டிருந்தன. கப்பலுக்குக் காத்திருந்த ஒரு மதாம், பிரெஞ்சுக்கார அம்மா, என் கொட்டகைக்கு வந்தார். வயதானவர், எங்கள் தமிழை எங்களைப் போலவே பேசுவார். "எனக்கு என் தோட்டம் வேணும். எடுத்துட்டுப் போவ முடியாது. நீ போத்தல்ல போட்டுத் தா" என்றார். நானும் அவர் தோட்டத்தில் போய் உட்கார்ந்து பார்த்தேன். ஒரு மகிழமரம், தொட்டியில் மருக்கொழுந்து, எந்நேரமும் ஈரமாயிருக்கும் சுண்ணாம்புச் சுவர், அழுகின இலைக்குழி. மகிழம்பூவையும் மருக்கொழுந்தையும் வெட்டிவேரையும் வைத்து ஒன்று கூட்டிக் கொடுத்தேன். கைக்குட்டையில் தொட்டு முகர்ந்தவர் அப்படியே உட்கார்ந்து அழ ஆரம்பித்துவிட்டார். கதவுக்குப் பின்னால் நின்று பார்த்துக்கொண்டிருந்த என் மனைவி, அவர் போன பிறகு ஓடி வந்தாள்.

"ஐயோ, அந்தம்மா அழுவுது! இன்னாங்க போட்டீங்க அதுல?"

"தோட்டத்தப் போட்டேன்."

"பொய்யி."

"பாதி பொய்யிதான். மீதிய அந்தம்மாவே போட்டுக்கிச்சு."

அவள் ரெட்டியார்பாளையத்துப் பக்கம் பூத்தோட்டம் வைத்திருந்த குடியானவர் வீட்டுப் பெண். தண்ணீர் தெளித்து எடை ஏற்றின மொட்டை மூடியிருக்கிற கூடையிலேயே கண்டுபிடித்துவிடுவாள். ஈர மொட்டு எள்ளைப் பாழாக்கிவிடும் என்பதால் அவள் மூக்கை நான் மதித்தேன், வெளியே சொன்னதில்லை.

எங்களுக்குப் பெண் குழந்தை பிறந்தது ஒரு கார்த்திகையில். தாய்வீட்டிலிருந்து அவள் குழந்தையோடு திரும்பி வந்த அன்றே, அடுத்த வீட்டில் குடியிருந்த என் அக்கா வந்து சட்டம் போட்டுவிட்டாள். பால் கொடுக்கிறவள் இருக்கிற வீட்டில் மல்லி வாசனையே கூடாது, பால் வற்றிப்போகும் என்பது எங்கள் பக்கத்தில் எல்லாருக்கும் தெரிந்தது. தலையில் வைப்பது மட்டும் இல்லை, கூடையில் இருப்பதும் ஆகாது.

"அப்ப நான் தொழில் செய்ய வேணாவா?"

"பங்குனி வந்தா வேற எங்கியாச்சும் போய் செய். இங்க மல்லி வந்துதுன்னா கூடையோட தெருவுல கொட்டுவேன்."

அக்கா சொன்னால் செய்வாள். அதனால் அந்த வருஷத்து மல்லிப் பருவத்தை நான் அப்படியே விட்டுவிட்டேன். பங்குனியில் பெரிய மார்க்கெட்டில் மல்லி வந்து குவிந்தபோது நான் மருக்கொழுந்துக் கட்டோடு திரும்பினேன். வழக்கமாக எனக்கு மொட்டு கொடுக்கிற பூக்காரம்மா, "இன்னாய்யா, மல்லிய துறந்துட்டு சாமியாரா பூட்டியா? பொண்டாட்டி பால் மறக்கடிச்சதும் ஓடியாருவ பாரு!" என்று மார்க்கெட் முழுக்கக் கேட்கிற மாதிரி கத்துவார். நானும் பெருமையாகச் சிரித்துக்கொண்டு வருவேன். மகளுக்காக ஒரு பருவத்தை விட்டவன் என்று எனக்கே என் மேல் ஒரு மரியாதை.

மல்லியை விட்டால் மட்டும் போதவில்லை. வெட்டிவேர், மருக்கொழுந்து, சந்தனம் எல்லாம் என் கையில் ஊறிப்போனவை. சாம்பல், புளி, சீயக்காய் எதைப் போட்டுத் தேய்த்தாலும் போகாது. நான் குழந்தைக்குக் கையை நீட்டினால் அக்கா குறுக்கே வந்துவிடுவாள். "எட்ட நில்லுடா. பச்சப் புள்ளைக்கு வாசம் ஆவாது, காத்து கருப்பு அண்டிக்கும். ஒரு வயசு ஆவட்டும், அப்பறம் நீயே தூக்கிக்க, யாரு வேணாம்னா?" குழந்தையும் நான் பக்கத்தில் போனால் தும்மும். அது தும்மினால் எல்லாரும் சிரிப்போம். நான் தூளியின் கயிற்றை ஆட்டிவிட்டுக் கொட்டகைக்குப் போய்விடுவேன். ஒரு வயது எவ்வளவு தூரம், நாலு மாசம் போனால் வந்துவிடும் என்று இருந்தேன்.

ஆடியில் குழந்தைக்குத் தொண்டை அடைத்துக்கொண்டது. ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடினோம். அங்கிருந்தவர்கள் செய்யக்கூடியதைச் செய்தார்கள். மறுநாள் விடிந்தபோது அது இல்லை. அடக்கம் முடிந்தது.

அதற்குப் பிறகு நடந்ததைச் சொல்லத்தான் இவ்வளவும் சொன்னேன்.

குழந்தை போனது பாலுக்குத் தெரியாதே. என் மனைவிக்கு மார் கட்டிக்கொண்டு கல்லாகிவிட்டது, காய்ச்சல் அனலாக அடித்தது. தொட்டால் அலறினாள். அக்கா கொட்டகை வாசலில் வந்து நின்றாள். சட்டம் போடுகிறவள் அன்றைக்கு என் முகத்தைப் பார்க்கவில்லை. "போய் மல்லி வாங்கியாடா" என்றாள். பால் வற்ற மார்பில் மல்லியை வைத்துக் கட்டுவார்கள். அதுவும் எங்கள் பக்கத்தில் எல்லாருக்கும் தெரிந்ததுதான்.

நானே மார்க்கெட்டுக்குப் போனேன். பூக்காரம்மா தூரத்திலேயே என்னைப் பார்த்துவிட்டார். "வாய்யா வா! நான் சொன்னனா இல்லியா? மறக்கடிச்சிட்டாளா பொண்டாட்டி?" என்று சத்தமாகச் சிரித்தார். சுற்றிலும் இருந்தவர்களும் சிரித்தார்கள். எவனுக்கும் பதில் சொல்லாமல் விடாத என் வாய், அன்றைக்கு ஒட்டிக்கொண்டுவிட்டது. மொட்டை அளக்கக் கையை விட்டவர் என் முகத்தைப் பார்த்தார். சிரிப்பு நின்றுபோயிற்று. "அடக் கடவுளே" என்று மட்டும் சொன்னார். கூடையிலிருந்த மொட்டு முழுவதையும் இலையில் கொட்டிக் கட்டிக் கொடுத்துவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டார்.

அக்கா அதைச் சரமாகத் தொடுத்து, பழைய புடவையைக் கிழித்து, வைத்துக் கட்டினாள். வாட வாட மாற்றினாள். என் மனைவி சுவரைப் பார்த்துக்கொண்டு படுத்திருந்தாள். உடம்புச் சூட்டில் மல்லி சீக்கிரம் கருகும், கருகினால் அதன் வாசனையில் ஒரு கனம் வரும், அது தொழில்காரனுக்குத் தெரியும். வீடு முழுக்க அந்தக் கனம்தான். கடைசியில் பால் வற்றியது. கட்டை அவிழ்த்த அன்று அவள் அழுத அழுகையைப் போல் குழந்தை போன அன்றுகூட அழவில்லை.

தீட்டுக் கழிக்கிற நாளில் அக்கா வீட்டைக் கழுவிவிட்டாள். குழந்தையின் துணி, தூளிப் புடவை எல்லாம் வெளுக்கப் போயிற்று. சாம்பிராணிப் புகை போட்டாள். செய்ய வேண்டியதைத்தான் செய்தாள். துணி வெளுத்து வந்ததும் என் மனைவி ஒவ்வொன்றாக எடுத்து முகத்தில் வைத்துப் பார்த்தாள். ஒன்றிலும் குழந்தை இல்லை, எல்லாவற்றிலும் சவுக்காரம். அக்காவைப் பார்த்து, "எம் பொண்ண தண்ணியில கரைச்சு ஊத்திட்டீங்களே அண்ணி!" என்று கத்தினாள். அக்கா தன் வீட்டுக்குப் போய் அழுதாள். என் மனைவிக்குச் சாப்பாடு அதோடு நின்றது. தட்டில் வைத்தால் பிசைவாள், எழுந்துவிடுவாள். ஆள் பாதியாகிவிட்டாள். இவளும் போய்விடுவாளோ என்று பயந்தேன்.

ஒரு நாள் காலையில் கொட்டகைக்கு வந்து நின்றாள். குழந்தை பிறந்ததிலிருந்து அவள் அங்கே வந்ததில்லை.

"அந்த மதாமுக்கு அது தோட்டத்த போத்தல்ல போட்டுக் குடுத்தீங்கல்ல?"

"ஆமா."

"எம் பொண்ணு தல வாசனைய எனக்குக் கூட்டிக் குடுங்க."

நான் அவளைப் பார்த்தேன். விளையாட்டாகவோ புத்தி கலங்கியோ கேட்கவில்லை. தொழில்காரனிடம் ஒரு வாடிக்கையாளர் கேட்கிற மாதிரி கேட்டாள். "செரி, உக்காரு" என்றேன்.

நான் முதலில் கூட்டியது, யார் கூட்டினாலும் கூட்டுகிறதுதான். விளக்கெண்ணெய், சுட்ட வசம்பு, சாம்பிராணி, பயத்தமாவு, துளி கஸ்தூரி மஞ்சள். அடியில் தங்கச் சந்தனம். ஒரு வெள்ளைத் துணித்துண்டில் தொட்டு நீட்டினேன். கண்ணை மூடி முகர்ந்தாள்.

"இது எண்ணெ தேச்சி குளிக்க வச்ச அன்னிக்கி. மத்த நாள்ல இப்பிடி இருக்காது."

"மத்த நாள்ல எப்பிடி?"

"தூங்கி எழுந்தா தல சூடா இருக்கும். சோத்துப் பான மூடியத் தொறந்தா வருமே, அதுல ஒரு பொட்டு."

மறுநாள் பச்சரிசியைச் செப்புப் பானையில் போட்டு அவித்து ஆவி பிடித்தேன். அதில் மோர்த் தெளிவை ஒரு சொட்டு விட்டேன், காதுக்குப் பின்னால் பால் வழிந்து புளித்த வாசனைக்காக. "காதுக்குப் பின்னாடி செரி. கழுத்து மடிப்பு இல்ல" என்றாள். தினமும் வந்தாள். தினமும் ஒன்று குறையும். குறையைச் சொல்லும்போது கூடவே ஒரு சேதி சொல்லுவாள். பால் குடிக்கும்போது குழந்தை தாலிக் கயிற்றைப் பிடித்து இழுக்குமாம், மூக்கால் ஏதோ ராகம் இழுக்குமாம். அக்கா இருமினால் சிரிக்குமாம். காக்காய் கத்தினால் அம்மாவின் கழுத்துக்குள் முகத்தைப் புதைத்துக்கொள்ளுமாம், அந்த நேரத்தில் தலையில் ஒரு வேர்வை வாசனை வருமாம், அது தனியாம். இதில் ஒன்றும் எனக்குத் தெரியாது. அதே வீட்டில்தான் இருந்தேன், வெட்டிவேரை அவித்துக்கொண்டு. என் மகளை அவள் போன பிறகு, இவள் "இல்ல, இல்ல" என்று சொன்னதிலிருந்துதான் கொஞ்சம் கொஞ்சமாகத் தெரிந்துகொண்டேன்.

அரிசி ஆவி பிடிக்க ஆரம்பித்ததும் தெருவில் பேச்சு கிளம்பிவிட்டது. அக்கா மூச்சு வாங்க ஓடி வந்தாள். "டேய், நீ சாராயம் காச்சறன்னு ஊரே பேசுதுடா! மானம் போவுது!" நான் பானையைப் பார்த்தேன், என் மனைவி என்னைப் பார்த்தாள். இரண்டு பேருக்கும் சிரிப்பு வந்துவிட்டது. ஆடிக்குப் பிறகு அன்றைக்குத்தான் சிரித்தோம். அக்கா வாயைப் பொத்திக்கொண்டு நின்றாள், அவள் கண்ணில் தண்ணீர். அன்று மத்தியானம் என் மனைவி இரண்டு பிடி சோறு அதிகமாகச் சாப்பிட்டாள்.

எனக்கு நம்பிக்கை வந்துவிட்டது. இதை மட்டும் சரியாகக் கூட்டிக் கொடுத்துவிட்டால் இவள் பிழைத்துக்கொள்வாள். வேறு எந்த வேலையும் ஓடவில்லை. சின்னச் சின்னப் போத்தல்களாகக் கொட்டகை நிறைந்தது. கல்யாணத்துக்குத் தைலம் கேட்டு வந்த ஒரு சொல்தா வீட்டு ஆளை, பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்து பென்சன் வாங்குகிற பெரிய மனுஷரை, வாசலோடு திருப்பி அனுப்பினேன்.

ஐப்பசி மழையில் ஒரு நாள், "இன்னிக்கி வசம்பு தூக்கலா இருக்குது" என்றாள். மாற்ற வேண்டும் என்று எடுத்து வைத்தேன். கூரை ஒழுகிக் கொட்டகைக்குள் தண்ணீர் வந்துவிட்டதால் மாற்ற முடியவில்லை. மறுநாள் அவள் வந்ததும் வேறு ஒன்றும் தயாராக இல்லை. அதே போத்தலிலிருந்து அப்படியே தொட்டுக் கொடுத்தேன்.

முகர்ந்தாள். நெற்றியைச் சுருக்கினாள். "இப்ப வசம்பே தெரியலியே" என்றாள்.

தைலம் கூட்டுகிறவன் முதலில் தெரிந்துகொள்கிற விஷயம் ஒன்று உண்டு. ஒரு வாசனையை மனதில் வைத்துக்கொண்டு தேடும்போது அதற்குப் பக்கத்தில் இருக்கிற வாசனைகளை ஓயாமல் முகரக்கூடாது. தூரத்து வாசனை ஒன்றும் செய்யாது. அரைவாசி ஒத்துப்போகிறதுதான் அசலைத் தின்றுவிடும். மதாமின் தோட்டத்துக்கு நான் அப்படித்தான் அடிக்கடி முகராமல் வேலை செய்தேன். இவளுக்கோ தினமும் ஒன்று கொடுத்திருக்கிறேன், ஒவ்வொன்றும் முந்தினதைவிடக் கொஞ்சம் அதிகமாகக் குழந்தையைப் போல.

"இன்னிக்கி போதும், ரெண்டு நாள் விட்டுப் பாக்கலாம்" என்றேன். குரல் எனக்கே வேறு மாதிரி கேட்டது. அவள் கெட்டிக்காரி. துணியைப் பார்த்தாள், போத்தலைப் பார்த்தாள்.

"இது நேத்து குடுத்ததா?"

நான் போத்தலை மூடினேன்.

மறுபடி முகர்ந்தாள். மழை கீற்றில் விழுந்துகொண்டிருந்தது. துணியை மடியில் வைத்துக்கொண்டு, "மறந்துபோச்சுங்க" என்றாள்.

"இன்னா மறந்துபோச்சு?"

"எம் பொண்ணு வாசன. கண்ண மூடுனா உங்க போத்தல்தான் வருது. எது அவ, எது நீங்க போட்டதுன்னு தெரியல."

அழவில்லை. அழுதிருந்தால்கூட எனக்குத் தாங்கியிருக்கும். நான் அவள் பக்கத்தில் போய்த் தரையில் உட்கார்ந்தேன். அவள் என் பக்கம் திரும்பினாள்.

"உங்களுக்கு ஞாபகம் இருக்குதா?"

ஊரில் என் மூக்கைப் பற்றிப் பேசாதவர் இல்லை. ஒரு தடவை முகர்ந்ததை நான் மறந்ததே கிடையாது. அந்த மூக்கை வைத்துக்கொண்டு யோசித்தேன். என் மகளை நான் முழுசாகத் தூக்கியது ஒரே ஒரு தடவை. இடுகாட்டுக்குப் போகும்போது. சின்னக் குழந்தையைத் தகப்பன்தான் கையில் ஏந்திக்கொண்டு போக வேண்டும். அன்றைக்கு எட்ட நில்லுடா என்று யாரும் சொல்லவில்லை. தெருவெல்லாம் நடக்கும்போது அதன் தலை என் முகவாய்க்குக் கீழேயேதான் இருந்தது. குளிப்பாட்டி, நெற்றி நிறையச் சந்தனம் பூசி, பன்னீர் தெளித்திருந்தார்கள். சந்தனமும் என் கொட்டகையிலிருந்து போனது, பன்னீரும் என் கொட்டகையிலிருந்து போனது. வழி முழுக்க நான் குனிந்து குனிந்து முகர்ந்துகொண்டே போனேன். என் சரக்கைத் தவிர ஒன்றும் வரவில்லை.

"இருக்குது" என்றேன்.

"நெசமா?"

"நெசமாத்தான். எம் மூக்கு உனக்குத் தெரியாதா?"

அவள் என் முகத்தையே பார்த்தாள். பிறகு பெருமூச்சு விட்டாள். "அப்ப செரி. நம்ம ரெண்டு பேர்ல ஒருத்தர்கிட்டயாவது இருக்கட்டும். நீங்க பத்திரமா வச்சிக்குங்க. இனிமே யாருக்கும் கூட்ட வேணாம், எனக்கும் வேணாம்" என்றாள். எழுந்து உள்ளே போனாள். அடுப்பு மூட்டுகிற சத்தம் கேட்டது. அன்றைக்கு அவளே உலை வைத்து, எனக்கும் போட்டு, தானும் உட்கார்ந்து சாப்பிட்டாள்.

போத்தல்களை எல்லாம் மழைத் தண்ணீரில் கொட்டிவிட்டேன். அடுத்த பங்குனியில் மல்லி மறுபடி கொட்டகைக்கு வந்தது. அவள்தான் கூடையைத் திறந்து பார்த்து வாங்கி வைத்தாள். எங்களுக்கு வேறு குழந்தை பிறக்கவில்லை. எப்போதாவது, பாத்திரம் துலக்கிக்கொண்டிருக்கும்போதோ பூ பொறுக்கிக்கொண்டிருக்கும்போதோ, திரும்பிப் பார்க்காமலே கேட்பாள். நானும் வேலையை நிறுத்தாமலே பதில் சொல்லுவேன்.

புதுச்சேரி முழுதாக இந்தியாவோடு சேர்ந்த வருஷம் தெருவில் வெடி போட்டார்கள். யார் இந்தியர், யார் பிரெஞ்சுக்காரர், யார் கப்பலேறப் போகிறார்கள் என்றுதான் எல்லா வீட்டிலும் பேச்சு. வாசலில் நின்று வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தவள் என் பக்கம் வந்து மெதுவாகக் கேட்டாள்.

"இன்னும் இருக்குதா?"

"இருக்குது" என்றேன்.

தலையை ஆட்டிக்கொண்டு உள்ளே போனாள்.